பொருள்: பிஸ்கெட்டுக்குத் துணை

கும்மிடிப்பூண்டி
9.6.2025

ஏஞ்சலினுக்கு,

பொருள்: நீ விட்டுவிட்டுப் போன கினி பிக் சம்பந்தமாக.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட செய்தி வந்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இனி என் மகளோடு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பாஸ்டர் "வேணாம் பிரதர்" என்று கையைப் பிடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். சொன்னது சொன்னதுதான். இது எழுத்து. எழுதுவதைப் பற்றி நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

உன் அம்மா தினமும் உன்னோடு போனில் பேசுகிறாள். அவளிடம் சொல்லியனுப்பலாம் என்று பார்த்தேன். "நான் இன்னா போஸ்ட் ஆபீஸா? வோணும்னா நீங்களே பேசிக்கோங்க" என்றாள். ஆகவே நிஜமான போஸ்ட் ஆபீஸுக்கே வந்து இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே போய் தேடி எடுத்து வந்தாள்.

விஷயம் இதுதான். நீ வைத்துவிட்டுப் போன இரண்டு வாலில்லாப் பெருச்சாளிகளில் வெள்ளை நிறத்தது, போண்டா, மே மாத வெயிலில் செத்துவிட்டது. அன்று பகல் முழுக்க கரண்ட் இல்லை. நான் இரும்பு மில்லில் ஷிப்டில் இருந்தேன். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

மற்றது உயிரோடு இருக்கிறது. ஆனால் சரியில்லை. முன்பெல்லாம் நான் கேட்டைத் திறந்தாலே வீக் வீக் என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தும். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புல் வைத்தால் பாதி அப்படியே கிடக்கிறது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நோய் ஒன்றுமில்லை என்றார். "ஒத்தையா இருக்குதா? அதான். கூட ஒன்ன உடுங்க" என்றார்.

எனக்குத் தெரிய வேண்டியவை: இது ஆணா, பெண்ணா? எந்த மாதிரித் துணை வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்? வேறு எதுவும் எழுதத் தேவையில்லை.

இப்படிக்கு,
இம்மானுவேல்


பொதட்டூர்பேட்டை
14.6.2025

அப்பாவுக்கு,

போண்டா செத்துப்போனது உங்கள் இன்லேண்ட் லெட்டரைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முதல் நாள் கூட அம்மா போனில் "ரெண்டும் நல்லா துன்னுக்கினு ஜாலியா இருக்குதுங்க" என்றாள். மோகன்ராஜ் வேலை முடிந்து வரும் வரைக்கும் அழுதேன். மோகன்ராஜ் யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பெயரை எழுதாததால் நான் எழுதுகிறேன். என் கணவர்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். அது ஆண். இரண்டுமே ஆண்கள், ஒரே தாய்க்குப் பிறந்தவை, பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்தவை. துணையும் ஆணாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் பொங்கலுக்குள் வீடு முழுக்க குட்டிகள் ஓடும். சோழவரத்தில் முயலும் லவ் பேர்ட்ஸும் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் நான் வாங்கினேன்.

வெறும் புல் போதாது. வைட்டமின் சி அதன் உடம்பில் தானாக ஊறாது, நம்மைப் போலத்தான். பாதி நெல்லிக்காயைப் பொடியாக நறுக்கி வையுங்கள், கொத்தமல்லித் தழை வையுங்கள். கரண்ட் போனால் ஈரத் துணியைக் கூண்டின் மேல் போடுங்கள். அப்புறம், அதைப் பெருச்சாளி என்று கூப்பிடுவதை இனியாவது நிறுத்துங்கள். பெயர் பிஸ்கெட்.

இங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. தவிர, என்னோடு ஒன்றைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிற இடத்தில் நான் இன்னும் இல்லை.

வேறு எதுவும் எழுதத் தேவையில்லை என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் எழுதவில்லை.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
30.6.2025

ஏஞ்சலினுக்கு,

பொருள்: துணை வாங்கியதும் அதன் விளைவும்.

நீ சொன்ன சோழவரம் ஆளிடம் போனேன். இருந்ததிலேயே பெரிதாகப் பார்த்து ஒரு ஆண் வாங்கினேன். இரும்பானாலும் ஆளானாலும் கனமாக இருப்பதுதான் தாங்கும் என்பது என் அனுபவம். சாப்பாட்டுப் பையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் "கொழம்பு கத்துது பாருங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கூண்டைத் திறந்து உள்ளே விட்டேன். பிஸ்கெட் எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் எழுந்து நின்றது. உன் அம்மா "பாரு பாரு, வரவேற்குது" என்று கைதட்டினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நிமிஷம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்தன. பிரிக்கப் போன என் விரலில் ரத்தம். பிஸ்கெட்டின் வலது காது கிழிந்துவிட்டது. இப்போது நடுவில் ஒரு பிளைவுட் பலகை வைத்திருக்கிறேன். பெரியது அந்தப் பக்கம் இடுப்பை ஆட்டிக்கொண்டு, உறுமிக்கொண்டு, மேலும் கீழும் நடக்கிறது. உன் அம்மா அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நீ சொன்னபடிதான் ஆண் வாங்கினேன். சண்டை வரும் என்று நீ எழுதவில்லை.

ஏற்கெனவே குடியிருப்பவன் இருக்கிற இடத்துக்குள் புதிதாக ஒருவர் போய் நின்றால் கடிதான் கிடைக்கும். இதைத்தான் பிப்ரவரியிலும் சொன்னேன். உன் தாத்தா நீ போன வீட்டார் மாதிரி நிலத்துக்காரர்களின் வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். யாருக்கும் கீழே நிற்கக் கூடாது என்றுதான் நான் மில்லில் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தேன். நீ நேராக அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டாய்.

காதுக்கு என்ன மருந்து என்று எழுது.

இம்மானுவேல்


பொதட்டூர்பேட்டை
5.7.2025

அப்பாவுக்கு,

காதில் மஞ்சள் எதுவும் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும். சீழ் வைத்தால் மட்டும் அந்த டாக்டரிடமே போங்கள்.

சண்டை வரும் என்று நான் எழுதவில்லைதான். ஆனால் கடையிலிருந்து வந்த கையோடு யாராவது கூண்டுக்குள் விடுவார்களா? முதல் இரண்டு வாரம் புதியதைத் தனி அறையில் வைத்திருக்க வேண்டும், நோய் இருந்தால் தெரிந்துவிடும். பிறகு கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அது படுத்த துணியை இதற்கும், இது படுத்த துணியை அதற்கும் மாற்றிப் போட வேண்டும். வாசனை பழகட்டும். நீங்கள் வைத்திருப்பது பலகை. அது நடுவில் இருந்தால் இரண்டும் பழகவே முடியாது.

அதற்கப்புறம் இரண்டுக்குமே சொந்தமில்லாத ஒரு இடத்தில் சேர்த்து விட வேண்டும். தின்ன இரண்டு கிண்ணம், ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப்பெட்டி. உறுமும், துரத்தும், பல்லைக் கடிக்கும். ரத்தம் வராத வரைக்கும் நாம் கை வைக்கக் கூடாது. யார் பெரியவர் என்று அவையே பேசி முடித்துக்கொள்ளும்.

நீங்கள் சூப்பர்வைசரை பிஸ்கெட்டின் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டீர்கள். பிஸ்கெட் கடித்தது தப்பில்லை, சூப்பர்வைசர் திருப்பிக் கடித்ததும் தப்பில்லை.

நானும் அப்படித்தான் ஒரே நாளில் இந்த வீட்டுக்குள் வந்து விழுந்தேன். எனக்குத் தனித் தட்டு வைத்தபோது கம்பி வலை, துணி என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. சரி, நீங்கள் கினி பிக் பற்றி மட்டும் எழுதச் சொன்னீர்கள். நிறுத்திக்கொள்கிறேன்.

பிளைவுட்டை எடுத்துவிட்டு வலை கட்டுங்கள்.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
8.7.2025

ஏஞ்சலின்,

உனக்குத் தனித் தட்டா வைத்தார்கள்? ஆமாவா, இல்லையா? இது கினி பிக் விஷயம் இல்லை. எழுது.

நீ எழுதாவிட்டால் நான் கிளம்பி அங்கே வருவேன். வாய் திறக்காமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அப்பா


பொதட்டூர்பேட்டை
12.7.2025

அப்பா,

வராதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

ஆமாம், வைத்தார்கள். வீட்டின் பின்பக்கம், ஷீட் போட்ட இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு. அதில் ஒரு ஸ்டீல் தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன. என் மாமியார் செல்வி அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தட்டில் போட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போவார். மாமாவும் அத்தையும் முன்னறையில் டிவிக்கு எதிரில் சாப்பிடுவார்கள். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. போண்டா செத்ததை அம்மா என்னிடம் சொல்லாத மாதிரிதான்.

மோகன்ராஜ் எல்லோரும் படுத்த பிறகுதான் வேலையிலிருந்து வருவார். அதனால் கொஞ்ச நாள் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. ஒரு லீவு நாளில் அவரே பார்த்தார். சண்டை போடுவார் என்று பயந்தேன். அவரோ உள்ளே போய் தன் தட்டை எடுத்துவந்து, அந்த ஸ்டாண்டில் என் தட்டின் மேல் வைத்தார். "மா, எனக்கும் இங்கயே போட்டுடு" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அத்தை அன்று முழுக்க அழுதார். மறுநாளும் மோகன்ராஜ் அங்கேயே உட்கார்ந்தார். ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு தினமும் என்னோடு அங்கேதான் சாப்பிட்டார். அப்படியே ஏப்ரல் முழுக்கப் போனது. அப்புறம் ஒருநாள் மாமா, முனுசாமி மாமா, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார். "அங்க ஒத்தையா குந்திக்கினு துன்னா சோறு எறங்கல" என்றார். அத்தை முன்னறையில் கூடவே இருந்தும் ஒத்தை என்று சொன்னார், அதுதான் அத்தைக்கு ரொம்ப வலித்திருக்கும்.

அதன் பிறகு முன்னறையில் டிவியும் அத்தையும் மட்டும்தான். நாங்கள் மூன்று பேரும் இங்கே கொசுக்கடியில் பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம். நான் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை ரசக் குண்டானோடு வந்து வாசல்படியில் நின்றார். "எல்லாரும் இங்க குந்திக்கினா நான் மட்டும் சுவத்த பாத்துக்கினா துன்றது?" என்று கேட்டார்.  குண்டானைக் கீழே வைத்துவிட்டு எங்கள் எல்லோர் தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் எச்சில் கையோடு பின்னாலேயே போனோம்.

இப்போது எல்லோரும் உள்ளேதான் சாப்பிடுகிறோம். அந்தத் தட்டை மட்டும் அத்தை பரணில் போட்டுவிட்டார். எனக்கு வேறு தட்டு, மற்றவர்கள் தட்டு இருக்கிற அடுக்கிலேயே. அத்தை என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இப்போதும் சில நாள் முகம் திரும்பிக்கொள்ளும். ஆனால் உங்கள் முதல் கடிதத்தை நான் படித்துக் காட்டியபோது, பிஸ்கெட் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்ற இடத்தில் அவர் "பாவம்பா அது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. இப்போது கோபப்படலாம்.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
27.7.2025

அன்புள்ள ஏஞ்சலின்,

உன் கடிதத்தைக் கிரேன் மேல் உட்கார்ந்து படித்தேன். கீழே கொக்கி மாட்டிவிட்டு அந்தோணி கையைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. இறங்கியதும் "இன்னா அண்ணா, தூங்கிட்டியா?" என்றான். ஆமாம் என்றேன்.

முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்மணி மேல். பிறகு, இதை எங்களிடம் சொல்லாமல் இருந்த உன் மேல். சொன்னால் நான் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ அந்த வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட சோற்றில் எனக்கு என்ன ஜெயம்? எனக்கு மனசு ஆறவில்லை. அதை எழுதாமல் விட முடியவில்லை.

மோகன்ராஜ் கல் மேல் உட்கார்ந்த விஷயத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் "நான் சொல்லல? நான் சொல்லல?" என்றாள். அவள் எப்போதும் எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பலகையை எடுத்துவிட்டு வலை கட்டினேன். துணி மாற்றிப் போட்டேன். நேற்று மொட்டை மாடியில் நிழல் பார்த்து, இரண்டு கிண்ணம், இரண்டு அட்டைப்பெட்டி வைத்து, நீ எழுதியபடியே விட்டேன். உறுமின, துரத்தின. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மறுபடியும் ரத்தம், இந்தத் தடவை சூப்பர்வைசருக்கு. கம்பு போட்டுத்தான் பிரிக்க முடிந்தது. சோழவரத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அந்த ஆள் "ரெண்டு பெரிய ஆம்பள ஒத்துப் போறது கஷ்டம் சார்" என்று இப்போதுதான் சொல்கிறார்.

பிஸ்கெட் இப்போது முன்னைவிட மோசம். நெல்லிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. எடுத்தால் கையில் எலும்பு தட்டுப்படுகிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கு அது போதவில்லை. நான் மனுஷன்தானே, நான் எப்படி அதற்குத் துணையாக முடியும்? போண்டா மாதிரி இதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று சொல்.

அப்பா


பொதட்டூர்பேட்டை
3.8.2025

அன்புள்ள அப்பா,

குட்டியாக இருந்தால் ஒத்துப்போகும். பெரிய ஆணுக்குக் குட்டியோடு போட்டி இருக்காது, குட்டியும் பெரியதின் வயிற்றுக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளும். இதை முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். அப்போது உங்கள் மேல் இருந்த கோபத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன்.

குட்டி கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தது நானில்லை, அத்தை. திருத்தணியில் அவருடைய சித்தி மகள் வீட்டில் முயலோடு இதையும் வளர்க்கிறார்கள். அத்தை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், தாயைவிட்டுத் தனியாகத் தின்னப் பழகிய ஒரு கருப்பு ஆண் குட்டியை மாவு டப்பாவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்துவிட்டார். ஆணா என்று நாலு தடவை கேட்டாராம். பூனைகளுக்குப் பயந்து அதை பீரோ இருக்கிற அறையில் பூட்டி வைத்திருக்கிறார். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. கொத்தமல்லி வைக்கக்கூட நான் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதை எங்கே சேர்த்து விடுவது என்பதுதான் இப்போது கேள்வி. அத்தை "அவுங்கள இங்க வரச் சொல்லு" என்கிறார். இங்கே வேண்டாம். உங்கள் வீட்டிலும் வேண்டாம், அது பிஸ்கெட்டின் இடம். யாருக்கும் சொந்தமில்லாத இடமாக நீங்களே ஒன்று பாருங்கள்.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
9.8.2025

அன்புள்ள ஏஞ்சலின்,

பொருள்: சேர்த்து விடுவதற்கான ஏற்பாடு.

இடம்: திருவள்ளூர். உங்களுக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் வரும். என்னோடு வேலை செய்கிற பார்த்திபனின் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடி அறை காலி, மின்விசிறி உண்டு. பார்த்திபன் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறான். அந்த வீட்டில் உங்களுக்கும் பங்கில்லை, எங்களுக்கும் இல்லை. ஆகஸ்ட் பதினைந்து எல்லோருக்கும் லீவு. காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.

நீ எழுதியிருந்த விதிகளை மறுபடி படித்துப் பார்த்தேன். வந்தவுடன் யாரும் யாரையும் நெருக்க வேண்டாம். அறையில் அவரவர் ஒரு மூலையாக உட்காரலாம். உறுமல், பல்லைக் கடிப்பது எல்லாம் இருக்கும். ரத்தம் வராத வரைக்கும் யாரும் நடுவில் புக வேண்டாம். இதை மோகன்ராஜிடமும் சொல்லிவை. அவன் அம்மா அப்பாவும் வரட்டும். குட்டியைக் கொண்டுவந்தவர் அந்த அம்மாதானே.

சமையலை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். சிக்கன் பிரியாணி. அவர்கள் சாப்பிடுவார்களா என்று போனில் அவளிடம் சொல்லிவிடு.

சத்தியம் அப்படியே இருக்கிறது. உன்னோடு நான் பேசமாட்டேன். அதை எதிர்பார்த்து வர வேண்டாம்.

அப்பா


பொதட்டூர்பேட்டை
19.8.2025

அன்புள்ள அப்பா,

நீங்களும் அங்கே இருந்தீர்கள், நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் என்னோடு பேசாததால் நான் பார்த்ததைச் சொல்ல இதைவிட்டால் வழியில்லை.

பிஸ்கெட் இவ்வளவு இளைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் இளைத்திருக்கிறீர்கள். நாங்கள் படியேறி வந்தபோது நீங்கள் எழுந்து நிற்கவும் இல்லை, உட்கார்ந்திருக்கவும் இல்லை, பாதியில் நின்றீர்கள். பிறகு கூண்டைப் பார்த்துச் சத்தமாக, "டேய் பிஸ்கெட்டு, உங்க அக்கா வந்துக்கிறாடா. எளச்சிப் போயிக்கிறா, நல்லா துன்னச் சொல்லு" என்றீர்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நானும் பிஸ்கெட்டிடம்தான் பதில் சொன்னேன். "அப்பாவ பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போடச் சொல்லு பிஸ்கெட்டு." மோகன்ராஜுக்கு நாம் செய்வது புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் அவரும் ஆரம்பித்துவிட்டார். "மாமா கிரேன்ல எத்தன டன் தூக்குவாருன்னு கேளு பிஸ்கெட்டு." அவரிடம் மட்டும் நீங்கள் நேராகவே பதில் சொன்னீர்கள். அதை நான் கவனித்தேன்.

குட்டியையும் பிஸ்கெட்டையும் தரையில் விட்டோம். பிஸ்கெட் முதலில் சுற்றிச் சுற்றி வந்து உறுமியது. குட்டி பயந்து கத்தியது. அத்தை "அய்யய்யோ" என்று கையை நீட்டினார். நீங்கள் "கை வெக்காதீங்க, அதுங்களே பாத்துக்கும்" என்றீர்கள். அத்தை கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குட்டி நேராகப் போய் பிஸ்கெட்டின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டது. பிஸ்கெட் அசையாமல் நின்றது. பிறகு இரண்டும் ஒரே கிண்ணத்துக்குப் போயின. இரண்டாவது கிண்ணத்தை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அழுதாள், நான் அழுதேன். மாமா கூட மூக்கைச் சிந்திவிட்டுத் தூசி என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் சாப்பிடாமல் எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அத்தையும் அதைப் பார்த்துவிட்டார். அவர் எனக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த லெக் பீஸை எடுத்து என் தட்டில் வைத்தார். உங்களுக்குக் காட்டுவதற்காகத்தான் செய்தார், எனக்குத் தெரியும். அதுவரைக்கும் இந்த வீட்டில் அவர் அப்படிச் செய்ததில்லை. ஆனால் நேற்று வீட்டில், நீங்கள் யாரும் இல்லாதபோதும், மீன் குழம்பில் தலையை என் தட்டில் வைத்தார்.

நீங்கள் அதைப் பார்த்த பிறகுதான் முதல் வாய் எடுத்து வைத்தீர்கள்.

பஸ் ஏறும்போது ஏதாவது ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கூண்டைத் தோளில் சுமந்துகொண்டு அப்படியே நின்றீர்கள். பரவாயில்லை என்று எழுத வந்தேன். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. பிஸ்கெட்டை நடுவில் வைத்து எவ்வளவு நாள் பேசுவது? எனக்கு உங்கள் குரல் வேண்டும் அப்பா.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
31.8.2025

என் ஏஞ்சலினுக்கு,

பிஸ்கெட் கத்த ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து கேட்டைத் திறந்தேன், வீக் வீக் என்று தெருக்கோடி வரைக்கும் கேட்டது. குட்டியும் சேர்ந்துகொண்டது. அதன் குரல் இன்னும் மெல்லிசாக, காதைத் துளைக்கிற மாதிரி இருக்கிறது. எதிர் வீட்டு ஜோசப் எட்டிப் பார்த்து "இன்னாபா, ஊட்ல விசில் ஃபேக்டரியா?" என்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் இப்போது ஒரே அட்டைப்பெட்டிக்குள்தான் படுக்கின்றன. எலும்பு தட்டுப்படுவதில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். சத்தியத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "நான் அன்னைக்கே வேணாம்னு சொன்னேனே பிரதர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 

அன்றைக்கு அதைச் சொன்னபோது உனக்குத் தண்டனை கொடுப்பதாக நினைத்தேன். இந்த ஆறு மாதமும் உன் அம்மா போனில் உன்னோடு சிரித்துப் பேசும்போதெல்லாம் நான் அடுத்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது உனக்குத் தெரியாது. பிஸ்கெட்டுக்குத் தெரியும், அது என் பக்கத்தில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு நீயும் மோகன்ராஜும் இங்கே வாருங்கள். உன் மாமனார் மாமியாருக்குச் சௌகரியப்பட்டால் அவர்களும் வரட்டும். கேட் பூட்டியிருக்காது, ஆனாலும் நீ வெளியே நின்று அப்பா என்று கூப்பிடு. நான் உள்ளேயிருந்து வாம்மா என்பேன்.

வரும்போது அந்தப் பரணில் இருக்கிற தட்டை உன் மாமியாரிடம் கேட்டு எடுத்து வா. இங்கே இரண்டுக்கும் கொத்தமல்லி வைக்க ஒரு தட்டு தேவைப்படுகிறது. ஒன்று போதும்.

அப்பா